கூட்டிப் பார்க்காத கணக்கு

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்வரை வாரத்தில் மூன்று நாள்தான் மைதானத்துக்குப் போவாள். செவ்வாய், வியாழன், சனி, காலையில் ஒன்றரை மணி நேரம். பி.டி. சார் விசில் ஊதினால் ஓடுவாள், ஓடி முடித்ததும் தோழிகளோடு மண்ணில் உட்கார்ந்து கதை பேசுவாள். அப்படியே ஓடித்தான் 2022இல் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் 400, 600 மீட்டர் இரண்டிலும், பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் குறுவட்டப் போட்டியில் முதலிடம் வந்தாள். மாவட்டப் போட்டியில் 600 மீட்டரில் இரண்டாமிடம். அடுத்த ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது 17 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்கு மாற வேண்டியிருந்தது. அங்கே 600 மீட்டர் கிடையாது. 800, 1500 என்று தூரம் கூடிவிடும். பக்கத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் நிற்பாள். "இனி விளையாட்டுத்தனமாக ஓடினால் ஆகாது, தனியாகப் பயிற்சி வேண்டும்" என்று மைதானத்தில் மற்றப் பெற்றோர்கள் சொன்னார்கள். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் என்று அவர்கள் பேசப்பேச, எனக்கும் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையைத் தப்பென்று இன்றும் நான் நினைக்கவில்லை.

நாங்கள் இருப்பது நாமக்கல்லில். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இருபது நாள் குஜராத், மகாராஷ்டிரா என்று போய்விடுவார். நான் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். வீட்டில் மாமியார், நான், மகள் மூன்று பேர்தான். அந்த ஜூனிலிருந்து ஐந்து மாதத்தில் எடுத்த எல்லா முடிவும் நான் தனியாக எடுத்தது. மகளின் கால் எலும்பில் விரிசல் விழுந்த பிறகு புத்தி சொல்ல ஊரே வந்தது. முன்னால் சொல்ல ஒருவரும் இல்லை. என்னைப் போல ஒரு தாயோ தகப்பனோ இப்போது எங்கேயாவது மைதானத்து ஓரத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் படிப்பது அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி. பள்ளி முடிந்ததும் அதே மைதானத்தில் வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து "ஸ்ட்ரென்த் அண்ட் கண்டிஷனிங்", அதாவது உடம்பை வலுவாக்கும் பயிற்சி, சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். மாதம் 3,000 ரூபாய், ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 15,000. பள்ளி வளாகத்துக்குள் நடப்பதால் பள்ளி விசாரித்துத்தான் விட்டிருக்கும் என்று நம்பி மொத்தமாகக் கட்டினேன். ரசீது கேட்கவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் மூன்று மாத ஜிம் பயிற்சியாளர் சான்றிதழ் வைத்திருப்பவர். பெரியவர்களுக்கு உடம்பு ஏற்றிவிடுவதில் அவருக்கு அனுபவம் இருந்திருக்கலாம், பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு இல்லை. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். படித்தவரா, பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தின் டிப்ளமோ உள்ளவரா, இதற்கு முன் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் இரண்டு வருடத்துக்குப் பிறகும் காயமில்லாமல் ஓடுகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. எங்கள் வங்கியில் ஐயாயிரம் ரூபாய் நகைக் கடனுக்கு எத்தனை கையெழுத்து வாங்குகிறோம்! பிள்ளையை ஒப்படைக்கும்போது நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முதல் வாரம் அவளுக்குக் குஷி. இரும்புக் கம்பி, ரப்பர் பட்டை, கூம்புகள் எல்லாமே புதிது. மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் வங்கியிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன். தோளில் கம்பியை வைத்துக் குந்தி எழுந்துகொண்டிருந்தாள். வெறும் கம்பியே 20 கிலோ, இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கிலோ வட்டு. அவளுடைய எடை அப்போது 44 கிலோ. எழும்போது இரண்டு முட்டியும் உள்பக்கம் ஒன்றையொன்று இடிப்பதுபோல வந்து, பிறகு விலகின. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் "இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று" என்று கத்தினார்கள். ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சோதிப்பாராம். அது முடிந்ததும் கேலரியின் சிமெண்ட் படிகளில் தவளைத் தாவல், கீழிருந்து உச்சிவரை எட்டு முறை. தாமதமாக வந்தால் தண்டனையாகக் கூடுதலாக இரண்டு. அந்த முட்டிகள் உள்ளே மடங்கியதைப் பார்த்தபோது வயிற்றில் என்னவோ செய்தது. ஆனால் அவர் மாஸ்டர், நான் யார் என்று பேசாமல் இருந்துவிட்டேன். உங்களுக்கு விளையாட்டு தெரியாமல் இருக்கலாம், உங்கள் பிள்ளையின் உடம்பு உங்களுக்குத் தெரியும். கோணலாகத் தெரிந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம். சனிக்கிழமைதோறும் எல்லோர் முன்னிலையிலும் எடை பார்த்து, சத்தமாகப் படித்து, நோட்டில் எழுதுவார். "ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் நேரம் குறையும்" என்பது அவர் வாக்கு. இரவில் சோறு வேண்டாம், இரண்டு சப்பாத்தி போதும். முட்டையில் மஞ்சள் கரு வேண்டாம். நாமக்கல்லில் இருந்துகொண்டு, தெருமுனைக் கடையில் அட்டை அட்டையாக முட்டை அடுக்கியிருக்கும் ஊரில், என் மகள் மஞ்சள் கருவைத் தட்டோரம் ஒதுக்கினாள். நானும் விட்டேன். பதிலாக அவரிடமே 3,200 ரூபாய்க்குப் புரோட்டீன் மாவு டப்பா ஒன்று, ஆகஸ்டில் இன்னொன்று. காலை 5:30க்கு ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட்டோடு ஓடப் போவாள். திரும்பி வந்து அவசரமாக இரண்டு இட்லி. மதிய டப்பாவில் பாதி திரும்பி வரும். செப்டம்பரில் எடை 39.5 கிலோ. முகம் ஒட்டிப்போனது. மாமியார் மட்டும் "பிள்ளை கருத்துப்போய்விட்டாள் கண்ணு, நெஞ்செலும்பு தெரிகிறது" என்று தினமும் சொன்னார். ஓடுகிற பிள்ளை அப்படித்தான் இருப்பாள் அத்தை என்று நான் அவரை அடக்கினேன்.

வலி ஆகஸ்ட் நடுவில் தொடங்கியது. குறுவட்டப் போட்டியில் 1500 மீட்டரில் இரண்டாவதாக வந்துவிட்டு, இரவு காலை நீட்டி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். வலது கால், கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, உட்பக்கம். முதலில் ஓடி முடித்த பிறகு மட்டும் வலித்தது. இரண்டு வாரத்தில் ஓட ஆரம்பிக்கும்போதே வலித்தது. செப்டம்பரில் மாடிப்படி ஏறும்போதும் வலித்தது. கடைசியில் தூக்கத்தில் முனகினாள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தசைவலி நாளாக ஆகக் குறையும். பயிற்சி முடிந்த பின் வரும் வலி, பயிற்சியின்போது வந்து, நடக்கும்போது வந்து, படுத்திருக்கும்போதும் வந்தால் அது எலும்பு பேசுவது. இன்னொரு அடையாளத்தைச் சேலம் மருத்துவர் பிறகு காட்டினார். எலும்பின் ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வின் வேதனை. கட்டைவிரலால் அழுத்தி "இங்கேதான்" என்று ஒரு புள்ளியைக் காட்ட முடிந்தால், அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்கச் சொன்னால் முகம் சுளித்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். என் மகள் ஆறு வாரமாக அந்த ஒரே புள்ளியைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டரிடம் சொன்னேன். "வலி இல்லாமல் பதக்கம் வருமா மேடம்? மனசுதான் பலவீனம்" என்றார். அவளிடம் தனியாக என்ன சொன்னாரோ, அதன் பிறகு அவள் என்னிடம் வலியைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். செப்டம்பர் நடுவில் உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பு நன்றாக இருக்கிறது, சதைப்பிடிப்புதான்" என்று வலி மாத்திரையும் களிம்பும் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட மெல்லிய விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, தெரிய வாரக்கணக்கில் ஆகலாம், சில சமயம் கடைசிவரை தெரியாது. இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கியிருக்க மாட்டேன். வலி மாத்திரை வலியை மறைத்தது, அவள் அதன்மேல் ஓடினாள். மாத்திரை போட்டால்தான் பிள்ளை பயிற்சிக்குப் போக முடிகிறது என்றால் பயிற்சியைத்தான் நிறுத்த வேண்டும். இடையில் யாரோ சொன்னதைக் கேட்டு எண்ணெய் போட்டு நீவிவிடவும் அழைத்துப் போனேன். அந்த இடத்தையே அழுத்தி நீவினார்கள். என் மடியில் தலையை வைத்துக்கொண்டு என் சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

அக்டோபரில் மாவட்டப் போட்டி. 1500 மீட்டரில் மூன்றாவது சுற்றுவரை முதல் நால்வரில் இருந்தாள். வளைவில் திரும்பும்போது வலது கால் சட்டென்று தரையிலிருந்து விலகியதுபோல ஒரு துள்ளல். பிறகு நொண்டினாள். பிறகு தடத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் முதலில் சொன்னது "மாஸ்டர் திட்டுவாரா அம்மா?" என்பதுதான்.

மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சேலம் போனோம். எலும்பு மருத்துவர் கட்டைவிரலால் ஒரே ஒரு இடத்தை அழுத்தினார், அவள் கட்டிலைவிட்டு எழுந்துவிட்டாள். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், 6,500 ரூபாய். படத்தில் எலும்புக்குள் வெள்ளையாக ஒரு புகை, அதன் நடுவே முடியளவு கோடு. தொடர்ந்து சுமை விழுந்து எலும்பு களைத்து விரிந்திருக்கிறது என்றார். நல்லவேளையாக உட்பக்கம், அங்கே ரத்த ஓட்டம் இருப்பதால் ஆறிவிடும். இதே கோடு காலின் முன்பக்கம் விழுந்திருந்தால் ஆறுவது கடினம் என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளில் எதற்கும் நான் தயாராக இல்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி? ஒரு நாள் முழுச் சாப்பாடு என்னென்ன? கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது?

மகள் தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மே மாசம்" என்றாள். ஐந்து மாதம்! எனக்கு அது தெரியாது. அவள் மாஸ்டரின் பயிற்சிக்கு வரும் அக்கா ஒருத்தியிடம் கேட்டிருக்கிறாள், நன்றாகப் பயிற்சி செய்தால் நின்றுவிடும், அது நல்ல அறிகுறி என்று அந்த அக்கா சொல்லியிருக்கிறாள். மருத்துவர் எங்கள் இருவரையும் பார்த்து நிதானமாக விளக்கினார். செலவாகும் சக்திக்கு ஏற்றபடி சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு முதலில் நிறுத்துவது உயிர் வாழ அவசியமில்லாத வேலைகளை. மாதவிடாய் அதில் ஒன்று. ஹார்மோன் குறைந்தால் எலும்பு சேர்வதும் குறைகிறது. அதே எலும்பின்மேல்தான் தினமும் ஓடுகிறாள். இதற்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ், அதாவது விளையாட்டில் சக்திப் பற்றாக்குறை, என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது, ஆண் பிள்ளைகளுக்கும் வரும், அவர்களிடம் அடையாளம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்றார். ஏற்கெனவே ஒழுங்காக வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால், அல்லது 15 வயதாகியும் வயதுக்கு வராவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். வைட்டமின் டி குறைவு. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் பிரட்டுகிறது என்று எல்லாப் பிள்ளைகளும் சுவருக்குப் பின்னால் எறிவார்களாம், இவளும் எறிந்திருக்கிறாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வங்கிச் செலான் ஒன்றின் பின்பக்கத்தில் அவளுடைய வாரத்தை எழுதினேன். காலையில் பி.டி. சாரோடு ஆறு நாள், ஒன்றரை மணி வீதம் 9 மணி. மாலையில் மாஸ்டரிடம் ஐந்து நாள், ஒன்றேகால் மணி வீதம் ஆறேகால். ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூர ஓட்டம் ஒன்றரை. பள்ளிக் கோ-கோ அணியில் ஆள் குறைகிறது என்று சேர்த்துக்கொண்டதில் ஒன்றரை. கூட்டினால் பதினெட்டேகால் மணி நேரம். அதற்கு முந்தைய ஆண்டு நாலரை. கோடை விடுமுறை முழுக்க வீட்டில் இருந்துவிட்டு, ஜூனில் மூன்றே வாரத்தில் நாலரையிலிருந்து பதினெட்டுக்கு ஏறியிருக்கிறாள். ஓய்வு நாள் பூஜ்யம். தினமும் மாலை ஒரு ரூபாய் இடித்தாலும் கணக்கை முடிக்காமல் எழுந்திருக்காதவள் நான். என் பிள்ளையின் கணக்கை அன்றுதான் முதல் முறையாகக் கூட்டினேன். அடுத்த வாரம் பி.டி. சாரைப் பார்த்துச் செலானைக் காட்டினேன். நல்ல மனிதர், முகம் வாடிவிட்டது. "மாலையில் அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதே அம்மா. நான் காலையில் லேசாக ஓடவிடுவதாகத்தான் நினைத்தேன்" என்றார். மாஸ்டருக்குக் காலை ஓட்டம் எவ்வளவு என்று தெரியாது. கோ-கோ ஆசிரியைக்கு இரண்டுமே தெரியாது. ஒவ்வொருவரும் தங்கள் பங்கு நியாயமானதுதான் என்று நினைத்திருக்கிறார்கள். சுமந்தது ஒரே கால்.

ஆகவே முதல் வேலையாக ஒரு நோட்டுப் போடுங்கள். எங்கே பயிற்சி, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை தாவல் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு மொத்தப் பயிற்சி நேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் ஓர் எளிய வரம்பு. பதினான்கு வயது என்றால் பதினான்கு மணி நேரம், அதுவும் மெதுவாக ஏறி வந்து சேர வேண்டிய உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, ஆண்டில் இரண்டு மூன்று மாதமாவது அந்த விளையாட்டிலிருந்து விடுப்பு. இந்த வயதில் தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். என் மகள் டியூஷன் முடித்து 10:30க்குப் படுத்து 5 மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். அப்புறம், உயரம் கூடும் காலத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வேகமாக வளரும்போது எலும்பு முதலில் நீள்கிறது, அதற்குள் சுண்ணாம்புச் சத்து நிறைவது சில மாதங்கள் பின்தங்கி வருகிறது. அந்த இடைவெளியில் எலும்பு வழக்கத்தைவிட மெலிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டால் போதும்.

மாஸ்டரிடம் மீதிப் பணத்தைக் கேட்கப் போனேன். "விளையாட்டில் இதெல்லாம் சகஜம். நீங்கள் நிறுத்தியதற்கு நான் என்ன செய்வது?" என்றார். பள்ளியில் கேட்டால் "அவர் வெளியாள், நாங்கள் மைதானம்தான் கொடுத்தோம்" என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லாததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாதா மாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள், பள்ளிக்குள் நடந்தால் பொறுப்பு யாருடையது என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். எனக்கு ஆன கணக்கு இது: மாஸ்டருக்கு 15,000, புரோட்டீன் டப்பா இரண்டு 6,400, ஆணி வைத்த ஓட்டக் காலணி 4,200, உள்ளூர் மருத்துவமும் எக்ஸ்ரேயும் 1,900, எண்ணெய் நீவல் 1,200, எம்.ஆர்.ஐ. 6,500, ரத்தப் பரிசோதனைகள் 2,800, சேலம் மருத்துவருக்கு நான்கு முறை 2,400, அடிபட்ட காலை அசையாமல் தாங்கும் நடக்கும் பூட்ஸ் 3,500, பிசியோதெரபி பதினான்கு முறை 5,600. மொத்தம் 49,500. ஒன்பது நாள் சம்பளமில்லா விடுப்பு தனி. அந்த டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாவு டப்பாக்களில் அட்டையில் எழுதாத பொருள் கலந்திருப்பது உலகம் முழுக்க உள்ள பிரச்சினை. நாளை பிள்ளை பெரிய போட்டிக்குப் போய் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்பது விடுதலை வாங்கித் தராது. அந்தப் பணத்துக்கு ஆயிரம் முட்டை வாங்கியிருக்கலாம்.

ஆறு வாரம் பூட்ஸ். பிறகு பிசியோதெரபி. இந்த இடத்தில் நான் இன்னொரு தவறு செய்யப் பார்த்தேன். எடைப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிந்தது. மாமியார் வேறு, "எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும், அப்போதே சொன்னேன்" என்றார். பிசியோதெரபிஸ்ட் அம்மா அதை மறுத்தார். முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியை நிறுத்தாது, எலும்பையும் தசையையும் பலப்படுத்தி காயத்தைத் தடுப்பதே அதுதான், உங்கள் மகளுக்கு நடந்தது வேறு என்றார். பிறகு அவர் செய்யவைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு வித்தியாசம் புரிந்தது. முதலில் பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது. படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது, இரண்டு காலில் பதினைந்து முறை எளிதாக வந்த பிறகே ஒரு காலில். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, முட்டி பாதத்தின் நேருக்கு நேர் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு. மூன்று வாரம் கையில் வெறும் துடைப்பக் கட்டை. அதற்குப் பிறகு 5 கிலோ. எட்டு முதல் பதினைந்து முறை, உடம்பின் நிலை கலையாமல் வந்தால்தான் அடுத்த எடை. கலைந்தால் அன்றைக்கு அதோடு சரி. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. அதிகபட்சம் எவ்வளவு என்ற சோதனை எலும்பு முழுதாக வளர்ந்து முடியும்வரை கிடையவே கிடையாது. தாவல்கள் மண்ணில் மட்டும், எண்ணி நாற்பது. நல்ல பயிற்சியாளரை எப்படி அடையாளம் காண்பது என்று என்னைக் கேட்டால், பார்க்கச் சலிப்பாக இருக்கும் பயிற்சியைக் கொடுப்பவர், வலிக்கிறது என்றால் கையிலிருப்பதைக் கீழே வைக்கச் சொல்பவர், பிள்ளைகளின் எடையைக் கூட்டத்தில் படிக்காதவர் என்றுதான் சொல்வேன்.

ஓடத் தொடங்கியது ஜனவரி கடைசியில். ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் காலையில் அழுத்திப் பார்த்தால் வலி இருந்தால் ஒரு படி பின்னே. இரண்டு முறை அப்படிப் பின்னே போனோம், இரண்டு முறையும் அழுதாள். சாப்பாட்டில் மருத்துவர் சொன்னபடி ஓடுமுன் வாழைப்பழமும் கடலை மிட்டாயும், ஓடி வந்த அரைமணிக்குள் இரண்டு முழு முட்டையும் பாலும். இரவில் சோறு, குழம்பு, கீரை. இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு, டீக்குப் பக்கத்தில் போகாமல். டீ இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாதாம், அதுவும் எனக்குப் புதிது. சோற்றைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் போக மாதங்கள் ஆயின. எலும்பைவிட அது ஆறத்தான் தாமதமானது. அந்த நாட்களில் ஒரு இரவு இணையத்தில் தேடியபோது மேரி கெயின் என்ற அமெரிக்க ஓட்டப் பெண்ணைப் பற்றிப் படித்தேன். பதினேழு வயதில் உலகமே வியந்த பெண். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று ஆண்டு மாதவிடாய் நின்று, ஐந்து எலும்புகள் முறிந்ததை அவரே 2019இல் வெளிப்படையாகச் சொன்னார். அதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த அக்காவுக்கும் யாரும் சொல்லவில்லையா அம்மா?" என்றாள். மார்ச் முதல் வாரத்தில் மாதவிடாய் திரும்பி வந்தது. வங்கிக்குப் போன் செய்து சொன்னாள். கவுன்டரில் ஆள் நின்றிருந்தார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணம் எண்ணினேன்.

2024 குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் மட்டும் ஓடினாள். நான்காவது இடம். மூன்று பெண்கள் அவளைத் தாண்டிப் போனதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நேராக ஓடி, நேராக நடந்து வந்தாள். ஓட்டம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பி.டி. சார் பதிவேட்டோடு வந்தார். தொடரோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல், மறுநாள் நீ ஓடுகிறாயா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி வாய்க்குள் கூட்டினாள். "சார், இந்த வாரம் 11 மணி நேரம் ஆகிவிட்டது. நாளை எனக்கு ஓய்வு" என்றாள். சார் நோட்டை வாங்கிப் பார்த்தார், பேனாவை எடுத்துப் பதிவேட்டில் வேறொரு பெண்ணின் பெயரை எழுதினார்.